யூரியாவும் ஊர்தியும்

வரலாறு என்றவுடன் உங்கள் மனக்கண் முன் வந்து நிற்பவை அரசர்களும் போர்களும் ஆண்டுகளுமாகவே இருக்கும். வகுப்பறையில் நெடுங்காலம் வரலாறு கற்பித்த நானும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்தேன். ஓய்வு பெற்ற பின்னர், ஓர் ஊர்தியின் முகப்பில் எரிந்த சிறிய மஞ்சள் விளக்கு எனக்கே ஒரு வரலாற்றுப் பாடம் நடத்தியது. அந்தப் பாடத்தை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் ஊர் அறந்தாங்கி. கல்லணைக் கால்வாயின் கடைமடைப் பகுதி அது. காவிரி நீர் மேலே உள்ள வயல்களையெல்லாம் நனைத்துவிட்டு, கடைசியாக வந்து சேரும் இடம். அங்கிருந்து ஆவுடையார்கோயில் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். கருங்கல்லை மரம்போல் இழைத்து, சட்டமும் ஆணியும் தெரியச் செதுக்கிய அக்கோயிலின் கொடுங்கையைக் காணாமல் ஒரு மாணவன் எங்கள் வட்டாரத்தை விட்டு வெளியேறக் கூடாது என்பது என் எண்ணம். ஆகவே, ஆண்டுதோறும் சில மாணவ மாணவியரை அழைத்துச் சென்று காட்டி வருகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு வாடகை வேனில் புறப்பட்டோம்.

புறப்படுமுன் ஓட்டுநர் என்னிடம், “ஐயா, யூரியாத் தண்ணி குறைஞ்சுட்டுதுன்னு ஒரு வாரமா விளக்கு எரியுது. இன்னும் கொஞ்ச தூரந்தான் ஓடும்னு கணக்குக் காட்டுது” என்றார். டீசல் இருக்கிறதா என்று கேட்டேன். நிறைய இருக்கிறது என்றார். வண்டி நன்றாக ஓடுகிறதா என்று கேட்டேன். குறையில்லை என்றார். “அப்படியானால் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன். அந்தச் சொல்லுக்குப் பொறுப்பாளி நானே. ஓட்டுநர்மேல் பழி இல்லை.

கோயிலைக் கண்டு முடித்துத் திரும்ப வந்து ஏறியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. வானம் கறுத்து மழைக்கு அணியமாய் நின்றது. ஓட்டுநர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் கிளம்பவில்லை. மின்கலம் நன்றாக இருந்தது; டீசல் இருந்தது; பழுது எதுவும் இல்லை. ஆயினும் வண்டி புறப்பட மறுத்தது. மீண்டும் புறப்படுதல் இயலாது என்னும் பொருள்படும் ஒரு வரி மட்டும் முகப்புத் திரையில் ஒளிர்ந்தது. பிள்ளைகளின் தாய்மார் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினர்.

அப்போது அவ்வழியே இரு சக்கர வண்டியில் உர மூட்டையோடு வந்த ஒரு விவசாயி இறங்கி விசாரித்தார். செய்தியைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. “இவ்வளவுதானா வாத்தியார் ஐயா? யூரியாதானே வேணும்? மூட்டையே இருக்கு. ஒரு வாளித் தண்ணியிலே கரைச்சு ஊத்திடுவோம்” என்றார். அவருடைய நல்ல மனத்தில் ஐயமில்லை. உண்மையைச் சொல்லுகிறேன்: நான் சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அதற்குள் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, அந்த யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருப்பார்களே, வண்டிக்கு அது ஆகுமா?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போல் செய்ய இருந்தேனே என்னும் நாணத்தோடு மூட்டையை அவிழ்க்க வேண்டாம் என்று தடுத்தேன்.

அந்த மாலை எப்படி முடிந்தது என்பதைப் பின்னர்க் கூறுகிறேன். வயலுக்கு இடும் யூரியா வண்டிக்குள் ஏன் வந்தது, அது இல்லையென்றால் நல்ல வண்டி ஏன் நிற்க வேண்டும் என்னும் வினாக்களுக்கு விடை தேடி நான் வீடு திரும்பிய பின் படித்தவற்றை முதலில் சொல்ல வேண்டும்.

யூரியா என்பது முதலில் மனிதனும் விலங்கும் கழிக்கும் சிறுநீரில் கண்டறியப்பட்ட பொருள். 18ஆம் நூற்றாண்டில் அதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களுள் பிரெஞ்சு நாட்டு ரூவெல் என்பவர் குறிப்பிடத்தக்கவர், ஆண்டு 1773. உயிருள்ள உடலில் உண்டாகும் பொருள்களை உயிரற்ற சோதனைக் குழாயில் உண்டாக்க முடியாது. அவற்றுக்கு ஏதோ ஓர் உயிராற்றல் வேண்டும் என்பது அக்காலத்து அறிஞர் பலரின் நம்பிக்கை. 1828இல் பெர்லின் நகரத்துத் தொழிற்பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்த பிரெடரிக் வோலர் என்னும் இளைஞர் அந்த நம்பிக்கையை அசைத்தார். அம்மோனியம் சயனேட்டு என்னும் உப்பை உண்டாக்க முயன்ற அவருக்கு, எதிர்பாராது யூரியாவின் படிகங்கள் கிடைத்தன. சிறுநீரகத்தின் துணையே இல்லாமல் யூரியாவைச் செய்துவிட்டேன் என்று தம் ஆசிரியர் பெர்சீலியசுக்கு அவர் களிப்போடு கடிதம் எழுதினார். அவர் எழுதிய நாளில் இருபத்தெட்டு வயதும் நிரம்பவில்லை.

சோதனைக் குழாயிலிருந்து தொழிற்சாலைக்கு வர யூரியாவுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆயிற்று. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அதனைப் பிடித்து அம்மோனியாவாக்கும் வழியை பிரிட்ஸ் ஹேபர் 1909இல் காட்டினார். கார்ல் போஷ் அதனைப் பெருந்தொழிலாக்கினார். 1913இல் ஜெர்மனியின் ஓப்பாவில் ஆலை இயங்கத் தொடங்கியது. 1922இல் அம்மோனியாவையும் கரியமிலவாயுவையும் உயர் அழுத்தத்தில் இணைத்து யூரியாவைப் பெருமளவில் செய்யும் முறையும் அங்கேயே நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் மணலியில் 1971இலும் தூத்துக்குடியில் 1975இலும் உரத் தொழிற்சாலைகள் யூரியா உற்பத்தியைத் தொடங்கின. பசுமைப் புரட்சிக் காலத்தில் கடைமடை விவசாயியின் தோளில் ஏறிய அந்த மூட்டை இன்றும் இறங்கவில்லை.

இனி டீசலுக்கு வருவோம். நீராவி எஞ்சின் நிலக்கரியின் வெப்பத்தில் பெரும்பகுதியை வீணாக்குகிறது என்று மனம் வருந்திய பொறியியல் மாணவர் ருடால்ப் டீசல். காற்றை மட்டும் உருளைக்குள் கடுமையாக அழுத்தினால் அது தானே பழுக்கச் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1892இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஐந்தாண்டுத் தோல்விகளுக்குப் பின், 1897இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய எஞ்சின் சோதிக்கப்பட்டது. எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை அது பயனுள்ள வேலையாக மாற்றிக் காட்டியது. அன்றைய நீராவி எஞ்சின்கள் அதில் பாதியை எட்டுவதும் அரிது. 1900இல் பாரிஸ் பொருட்காட்சியில் டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்து நிலக்கடலை விவசாயிகள் அறிந்தால் மகிழ்வார்கள். டீசல் 1913இல் ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடக்கும்போது மறைந்துபோனார். ஆனால் அவர் எஞ்சின் பேருந்திலும் லாரியிலும் இறைப்பு எஞ்சினிலும் புகுந்து உலகெங்கும் பரவிற்று.

அதன் நற்குணத்திலேயே அதன் தீங்கும் இருந்தது. நன்கு எரிய வேண்டுமானால் சூடு மிக வேண்டும். காற்றும் மிக வேண்டும். வெப்பம் 1,500 பாகையைக் கடக்கும்போது, சாதாரண நிலையில் ஒன்றையொன்று தீண்டாத நைட்ரஜனும் பிராணவாயுவும் கைகோத்துக்கொள்கின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கின்றன. சூட்டைக் குறைத்தாலோ, எரிதல் குறைந்து கரும்புகை கூடுகிறது. கண்ணுக்குத் தெரியும் கரும்புகையை விரட்டினால் கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு வருகிறது. நூறு ஆண்டுகளாக டீசல் பொறியியலார் இந்த இரண்டுக்கும் இடையே ஊசலாடினர்.

அந்த நஞ்சின் முகத்தை உலகம் முதலில் கண்டது அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில். 1943ஆம் ஆண்டுக் கோடையில் அந்நகரை ஒரு மூட்டம் சூழ்ந்தது, கண்கள் எரிந்தன, மக்கள் இருமினர். போர்க்காலம் ஆதலால் பகைவர் நச்சுப்புகைத் தாக்குதலோ என்றுகூட ஐயுற்றனர். அன்னாசிப் பழத்தின் மணத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாகன்-ஸ்மித் என்னும் வேதியியல் அறிஞர் 1950-களின் தொடக்கத்தில் உண்மையைக் கண்டறிந்தார். வண்டிகளும் ஆலைகளும் கக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் எரியாத எண்ணெய் ஆவிகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோனாக மாறுகின்றன. அதுவே அந்த மூட்டத்தின் உயிர்நாடி என்று அவர் காட்டினார். நைட்ரஜன் டை ஆக்சைடு மூச்சுக்குழாயை நேராகவும் புண்படுத்தும். வளரும் நுரையீரலை உடைய குழந்தைகளுக்கும் ஆஸ்துமா நோயாளிகளுக்கும் அதனால் வரும் கேடு மிகுதி.

நோயின் மூலம் தெரிந்தது, மருந்து எது? நைட்ரஜனால் வந்த நோய்க்கு நைட்ரஜனே மருந்தாயிற்று. புகையில் அம்மோனியாவைக் கலந்து ஒரு வினை ஊக்கியின்மேல் செலுத்தினால், நைட்ரஜன் ஆக்சைடு உடைந்து தூய நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடுகிறது. 1970-களில் ஜப்பான் இம்முறையை அனல் மின் நிலையங்களில் நிலைநாட்டியது. ஆனால் அம்மோனியா மூக்கைத் துளைக்கும் நச்சு வாயு. அதனை ஒவ்வொரு லாரியிலும் ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்டுவது இயலாது. ஆகவே, அறிஞர்கள் நம் பழைய நண்பனாகிய யூரியாவை நாடினர். தூய யூரியாவைத் தூய நீரில் கரைத்துச் சூடான புகையில் தெளித்தால் அது அங்கேயே அம்மோனியாவைத் தருகிறது. ஜப்பானில் 2004இலும், அதையொட்டி ஐரோப்பாவிலும் இவ்வகை லாரிகள் சாலைக்கு வந்தன. நூறு பங்கில் 32.5 பங்கு யூரியா, எஞ்சியது கனிமம் நீக்கிய நீர் என்பது இத்திரவத்தின் அளவு. அந்த அளவில்தான் அது மிகக் குறைந்த குளிரில், அதாவது சுழிக்குக் கீழே 11 பாகையில் உறைகிறது. இதனை நம் ஓட்டுநர்கள் டி.இ.எஃப். என்றும், ஆட்புளூ என்றும், வெறுமனே யூரியாத் தண்ணீர் என்றும் சொல்லுகின்றனர். வண்டியில் இதற்கெனத் தனித் தொட்டி உண்டு. அதன் மூடி பெரும்பாலும் நீல நிறமாக இருக்கும்.

நம் நாட்டுக்கு இது எப்படி வந்தது? எம். சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985இல் டெல்லியின் காற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வண்டிப் புகைக்கு வரம்பு கட்டும் விதிகள் 1990-களின் தொடக்கத்தில் பிறந்தன. 2000 முதல் பாரத் நிலை என்னும் பெயரில் அவ்விதிகள் படிப்படியாக இறுகின. 2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நான்காம் நிலை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய ஆண்டிலேயே, ஐந்தாம் படியைத் தாண்டி நேரே ஆறாம் படியில் கால் வைப்பது என்று அரசு முடிவு செய்திருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் நிலைக்கு உட்படாத புதிய வண்டியை விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடக்கூடிய நைட்ரஜன் ஆக்சைடின் வரம்பு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாகக் குறைந்தது. இவ்வரம்புக்குள் அடங்க, லாரி, பேருந்து, வேன் ஆகியவற்றுள் பலவற்றில் யூரியாத் தொட்டி இடம் பெற்றது. நாங்கள் சென்ற வேனும் அவற்றுள் ஒன்று.

இனி, அந்த விளக்கு ஏன் எரிந்தது, வண்டி ஏன் அடம் பிடித்தது என்பதைக் கேளுங்கள். டீசல் தீர்ந்தால் வண்டி தானே நின்றுவிடும். ஓட்டுநர் உடனே உணர்வார். ஆனால் யூரியாத் திரவம் தீர்ந்தால் வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. அதே வேகம், அதே இழுப்பு. செலவுகூட மிச்சம். கெடுதி முழுவதும் சாலையோரத்தில் நிற்பவருக்கே. பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் மாணவிக்கும், தேநீர்க் கடைக்காரருக்கும், வாசலில் கட்டிலில் படுத்திருக்கும் கிழவருக்கும் அந்தக் கெடுதி போய்ச் சேரும். தமக்கு வலிக்காத ஒன்றை மனிதர் எளிதில் மறப்பர். இதனை உணர்ந்தே, மற்றவர் வலியை ஓட்டுநரும் உணரும்படி விதி செய்தனர். முதலில் விளக்கு, பின்னர் ஒலி, அதன் பின் எஞ்சின் வலு குறைதல் அல்லது மறுமுறை புறப்படாமை. ஐரோப்பிய விதிப்படி சிறு வண்டிகளில் திரவம் தீர்வதற்கு 2,400 கிலோமீட்டருக்கு முன்பே எச்சரிக்கை தொடங்கிவிட வேண்டும். சீறிப் பாயுமுன் எத்தனையோ முறை கனைக்கும் குதிரை போன்றது அது. கனைப்பைக் கேட்டும் கேளாதிருந்தவன் நான்.

இந்தக் கண்டிப்பு மிகையானது என்று கருதுவோரும் உண்டு. நடுவழியில் வலு இழக்கும் லாரியால் விபத்தும் நட்டமும் நேரும் என்று அமெரிக்க ஓட்டுநர்கள் நெடுநாள் முறையிட்டனர். எச்சரிக்கைக்குப் பின் திருத்திக்கொள்ளக் கூடுதல் அவகாசம் கொடுக்குமாறு 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை உற்பத்தியாளர்களை வலியுறுத்தியது. அன்று மாலை பன்னிரண்டு பிள்ளைகளோடு மழையை எதிர்நோக்கி நின்ற எனக்கு அந்த முறையீட்டில் உள்ள நியாயமும் விளங்குகிறது. ஆனால் கண்டிப்பே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் வரலாறு சான்று வைத்திருக்கிறது.

2013இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் சிலர் டீசல் கார்களின் பின்புறத்தில் அளவு கருவிகளைக் கட்டிக்கொண்டு கலிபோர்னியச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். அக்குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்னும் தமிழ்ப் பெயருடையவரும் ஒருவர். சோதனைச் சாலையில் தூய்மையாக விளங்கிய அந்த வண்டிகள் உண்மைச் சாலையில் வேறு முகம் காட்டின. ஒரு கார் வரம்பைவிட 35 மடங்கு வரை நைட்ரஜன் ஆக்சைடைக் கக்கியது. சோதனை நடக்கிறதா இல்லையா என்று மோப்பம் பிடித்து, சோதனையின்போது மட்டும் நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும்படி ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் கார்களில் கணினி நிரலை அமைத்திருந்தது என்பது 2015 செப்டம்பரில் வெளியாயிற்று. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் அவ்வாறு விற்கப்பட்டிருந்தன.

இன்னொரு செய்தி யூரியாத் தொட்டியையே பற்றியது. தொட்டி பெரிதாக இருந்தால் புகையை மேலும் தூய்மையாக்கலாம். ஆனால் இடமும் பணமும் கூடும். ஜெர்மனியின் பெரிய கார் நிறுவனங்கள் தமக்குள் பேசி, தொட்டியின் அளவிலும் தூய்மையிலும் ஒன்றையொன்று முந்துவதில்லை என்று உடன்பாடு செய்துகொண்டிருந்தன. சட்டம் கேட்டதைவிட நன்றாகச் செய்யும் திறமை கையில் இருந்தும் அதில் போட்டியிடாமல் இருந்தன. இதற்காக ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ. ஆகியவற்றுக்கு ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூலையில் மொத்தம் 87.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. உடன்பாட்டை வெளிப்படுத்திய டைம்லர் நிறுவனம் தண்டத்திலிருந்து தப்பியது. பரீட்சையில் பார்த்து எழுதுவது முதற் குற்றம். தேர்ச்சி மதிப்பெண்ணுக்கு மேல் ஒருவரும் எழுத வேண்டாம் என்று வகுப்பே கூடிப் பேசிக்கொள்வது இரண்டாம் குற்றம். ஆசிரியனாக இருந்தவன் ஆதலால் இவ்வாறு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அதே 2021இல் தென் கொரியா வேறொரு பாடம் கற்றது. அந்நாடு தனக்கு வேண்டிய தொழில்துறை யூரியாவில் ஏறத்தாழ முழுவதையும் சீனாவிலிருந்து வாங்கி வந்தது. 2021 அக்டோபரில் சீனா தன் யூரியா ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. சில வாரங்களிலேயே கொரிய லாரிகள் நிற்கும் நிலை வந்தது. திரவத்தின் விலை பன்மடங்கு ஏறிற்று. அவ்வரசு விமானப்படை விமானம் ஒன்றை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி 27,000 லிட்டர் யூரியாத் திரவத்தை ஏற்றி வந்தது. வானிலே பறக்கும் விமானம், தரையிலே ஓடும் லாரிக்கு யூரியா சுமந்தது! சிறு பொருள் என்று எதனையும் எண்ணலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இப்போது ஆவுடையார்கோயில் சாலைக்குத் திரும்புவோம். அந்த மாணவியின் ஐயம் முற்றிலும் சரியானது. நம் நாட்டில் வயலுக்கான யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வர வேண்டும் என்பது 2015 முதல் விதி. மண்ணில் அது மெல்லக் கரைய வேண்டும் என்பது ஒரு நோக்கம். மானிய உரம் தொழிற்சாலைகளுக்குக் கடத்தப்படாமல் தடுப்பது மற்றொன்று. அந்த எண்ணெய்ப் பூச்சும், நம் கிணற்று நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகளும் வண்டியின் தெளிப்பானை அடைத்து வினை ஊக்கியைப் பாழாக்கிவிடும். ஒரு வாளி நீரில் மிச்சம் பிடிக்கப் போய் விலையுயர்ந்த பாகத்தை இழந்திருப்போம். விவசாயியின் பயிரும் ஒரு வேளை உணவை இழந்திருக்கும்.

ஓட்டுநரின் நண்பர் ஒருவர் அறந்தாங்கியிலிருந்து முத்திரை உடையாத பத்து லிட்டர் கேனை இரு சக்கர வண்டியில் கொண்டுவந்தார். அந்த விவசாயியும் விடைபெறாமல் தம் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீல மூடியைத் துடைத்துத் திறந்து, திரவத்தைச் சிந்தாமல் ஊற்றினோம். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் ஊற்றினால் பல வண்டிகள் அதனைக் கணக்கில் கொள்ளமாட்டா. கைந்நூலில் சொன்ன குறைந்த அளவாவது ஊற்ற வேண்டும். பின்னர் எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பிச் சற்றுப் பொறுத்திருந்தோம். திரையில் எண் மாறிற்று. எஞ்சின் உறுமியது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். மழையின் முதற் துளிகளோடு ஊர் வந்து சேர்ந்தோம்.

கதை அங்கே முடியவில்லை. மூன்றாம் நாள் அதே விளக்கு மீண்டும் எரிந்தது. தொட்டியோ ஏறத்தாழ நிறைந்திருந்தது. “ஒரு சின்னப் பெட்டி இருக்காம் ஐயா, மாட்டிட்டா அப்புறம் விளக்கே எரியாதாம், தண்ணியும் ஊத்த வேண்டாமாம்” என்று ஒருவர் சொன்னதாக ஓட்டுநர் வந்து கூறினார். அவர் ஏழை, நாள் ஓட்டம் நின்றால் அவருக்கு வருவாய் இல்லை. ஆகவே, நான் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மாசு விதியை மீறி வண்டி ஓட்டுவோர்க்கு, 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை தண்டமும் சிறையும் உண்டு என்பதைச் சொன்னேன். அதைவிட, “தம்பி, உங்கள் பிள்ளை தினமும் எந்தச் சாலையோரம் பேருந்துக்கு நிற்கிறது?” என்று மட்டும் கேட்டேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு இருவருமாகப் பட்டறைக்குச் சென்றோம்.

பட்டறையில் கணினியை இணைத்துப் பிழைக் குறியைப் படித்தார்கள். குறை திரவத்தில் இல்லை; அதன் அளவைச் சொல்லும் உணர்கருவியின் மின் இணைப்பில் இருந்தது. முன்பு எப்போதோ சிந்திய திரவம் உலர்ந்து, வெள்ளை உப்பாக அங்கே படிந்திருந்தது. வெதுவெதுப்பான தூய நீரால் கழுவி உலர்த்தியதும் விளக்கு அணைந்தது. தொட்டி நிறைந்தும் விளக்கு எரியுமானால், பார்க்க வேண்டியவை வேறு என்பதை அன்று அறிந்தேன். உணர்கருவியா, மின்கம்பியா, பம்பா, தெளிப்பானா, திரவத்தின் தரமா என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வர வேண்டும். தரத்தை ஒளிவிலகல் மானி என்னும் சிறு கருவியால் அளந்து 32.5 என்னும் எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். வெயிலில் வைத்த கேனில் தரம் விரைவில் கெடும். 25 பாகைக்குள் ஒன்றரை ஆண்டு தாங்கும் திரவம் 35 பாகையில் ஆறு மாதமே தாங்கும். எங்கள் ஊர்க் கோடையில் கடை வாசலில் அடுக்கிவைத்த கேனை வாங்குமுன் தேதியைப் பார்ப்பது நலம். பித்தளை, செம்புப் பாத்திரங்களில் இதனை ஊற்றக் கூடாது. டீசல் தொட்டியில் மறந்தும் ஊற்றலாகாது. ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாமல் பட்டறைக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

மாணவ நண்பர்களே, அறியாத ஒரு விளக்கு எரியும்போது மனிதன் மூன்று வழிகளில் நடக்கிறான். ஒருவன் பார்த்தும் பாராமல் போகிறான். நான் முதல் நாள் அவ்வாறு போனேன். ஒருவன் விளக்கின் கண்ணைக் கட்டிவிடுகிறான். பெரிய நிறுவனங்களே அவ்வாறு செய்ததைக் கேட்டீர்கள். மூன்றாமவன், இது என்ன சொல்லுகிறது, ஏன் சொல்லுகிறது என்று கேட்கிறான். அந்த மாணவி கேட்டது அவ்வகைக் கேள்வி. சிறுநீரில் யூரியாவைக் கண்டவரும், மூட்டத்தின் மூலத்தைத் தேடியவரும், காரின் பின்னால் கருவியைக் கட்டியவரும் கேட்டவை அவ்வகைக் கேள்விகளே.

அந்த மாணவி இப்போது கல்லூரியில் வேதியியல் படிக்கிறாள். சென்ற மாதம் என்னைக் காண வந்தவள், “ஐயா, அடுத்த முறை ஆவுடையார்கோயில் போகும்போது என்னையும் அழையுங்கள், முதலில் நீல மூடியைத் திறந்து பார்த்துவிட்டே வண்டியில் ஏறுவேன்” என்றாள். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் எதற்கு?